50 வயதானால் எல்லா ஆண்களுக்கும் பி.எஸ்.ஏ. சோதனை: வேண்டுமா, வேண்டாமா?

செல்வன்:
2025 மே மாதம் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்குப் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் என்று அறிவித்தபோது அது எலும்பு வரைக்கும் போயிருந்தது. புற்றுநோய் எவ்வளவு வீரியமானது என்று காட்டும் க்ளீசன் மதிப்பெண் பத்துக்கு 9. இந்த நோய்க்கான அறிகுறியை ரத்தத்தில் தேடும் பி.எஸ்.ஏ. பரிசோதனையைக் கடைசியாக எடுத்தது 2014-இல் என்று அவர் தரப்பே சொன்னது. அத்தனை மருத்துவர்கள் சூழ இருந்தவருக்கே இந்த நிலை. நான் இருக்கும் பிரிட்டனில் 50 தாண்டிய பெண்களுக்கு மார்பகச் சோதனைக்குக் கடிதம் வருகிறது. ஆண்களுக்கு இதற்கு ஒரு கடிதமும் கிடையாது, நாமாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. 50 ஆனதும் எல்லா ஆண்களையும் அரசே கூப்பிட்டு பி.எஸ்.ஏ. எடுக்க வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

மீனா:
மறுக்கிறேன் சார். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பியில் இயல்பாகவே உண்டாகும் புரதம். வயதாகிச் சுரப்பி பெருத்தாலும் அளவு ஏறும், தொற்று வந்தாலும் ஏறும். 1970-இல் புராஸ்டேட்டின் ஆன்டிஜெனைப் பற்றி எழுதிய ரிச்சர்ட் ஆப்ளினே, இந்தச் சோதனை இப்படிப் பரவியது பெரும் செலவு பிடித்த பொதுச் சுகாதாரப் பேரழிவு என்று 2010-இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்.

வேறு காரணத்தால் இறந்த முதியவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்தால் நிறையப் பேருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் இருக்கிறது. அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களையும் தேடிப்பிடித்து அறுவை, கதிர்வீச்சு என்று போனால் சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம், ஆண்மைக் குறைவும் வரலாம். நம் ஆட்கள் இதை வீட்டில்கூடச் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே நொந்துபோவார்கள்.

பிரிட்டனிலேயே 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து கேப் ஆய்வு நடந்தது. 15 ஆண்டு முடிவில், சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 0.69 சதவீதம், அழைக்கப்படாதவர்களில் 0.78 சதவீதம். ஆயிரத்துக்கு ஒருவர்கூட முழுதாக இல்லை.

செல்வன்:
கேப் ஆய்வில் அழைத்ததே ஒரே ஒரு தடவை. அதிலும் சோதனை எடுத்துக்கொண்டவர்கள் 36 சதவீதம்தான். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப அழைத்த ஐரோப்பிய ஆய்வைப் பாருங்கள். எட்டு நாடுகள், 55 முதல் 69 வயது வரை சுமார் 1,62,000 ஆண்கள். 2009-இல் முதல் முடிவு வந்தபோது ஒரு மரணத்தைத் தடுக்க 1,410 பேரை அழைக்க வேண்டும், கூடுதலாக 48 பேருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று கணக்கு வந்தது. 23 ஆண்டுக் கணக்கு 2025-இல் வெளியானது. இப்போது 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் குறைகிறது, கூடுதலாகக் கண்டறியப்படுபவர்கள் 12 பேர். இது மெதுவாக வளரும் நோய், பலனும் மெதுவாகத்தான் தெரியும்.

மீனா:
அந்த 12 பேரில் உயிர் பிழைத்ததாகக் கணக்கு வருவது ஒருவர். மீதி 11 பேர்? அவர்களுக்குக் கிடைத்தது நோயாளி என்ற பெயரும் வாழ்நாள் பயமும். அதே ஆய்வில் மரணம் குறைந்தது 13 சதவீதம், அதையும் சொல்லுங்கள்.

அருள்தாசன்:
இருவருக்கும் வணக்கம். எனக்கு இந்த நோய் இருக்கிறது. அறுவை செய்துகொள்ளவில்லை, கண்காணிப்பில் இருக்கிறேன். அதனால் அந்த "மீதிப் பேர்" பற்றி நானே சொல்கிறேன்.

கண்டுபிடித்தவுடன் வெட்டுவது என்பது பழைய நடைமுறை மேடம். ஆக்ஸ்ஃபர்டின் ஃப்ரெடி ஹம்டி தலைமையில் நடந்த புரோடெக்ட் ஆய்வில் 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். 15 ஆண்டு கழித்துப் பார்த்தால் எந்தப் பிரிவானாலும் 97 சதவீதம் பேர் இந்த நோயால் இறக்கவில்லை. என் மருத்துவர் இதைக் காட்டித்தான் அவசரப்பட வேண்டாம் என்றார். அன்று இரவுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பயாப்சியும், அதாவது ஊசியால் சுரப்பியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதும், முன்போல் இல்லை. முன்பு பி.எஸ்.ஏ. ஏறினால் நேராக ஊசிதான், அதுவும் கண்ணைக் கட்டிவிட்டுக் குத்துவதுபோல. 2017-இல் வந்த புரோமிஸ் ஆய்வு, முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் நாலில் ஒருவருக்கு ஊசியே வேண்டாம் என்றது. அடுத்த ஆண்டு பிரிசிஷன் ஆய்வில், எம்.ஆர்.ஐ. பார்த்துக் குறிவைத்து எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு ஆபத்தான வகை பிடிபட்டது. பழைய முறையில் 26 சதவீதம். ஸ்வீடனில் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ.யில் சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் ஊசி போட்டார்கள். தேவையில்லாமல் கண்டுபிடிப்பது பாதியானது.

செல்வன்:
நன்றி அண்ணா, நான் சொல்ல வந்ததே இதுதான். ஆனால் புரோடெக்டில் இன்னொன்றும் இருக்கிறது. கண்காணிப்பில் விட்டவர்களில் 9.4 சதவீதம் பேருக்கு நோய் பரவியது. அறுவை செய்தவர்களில் 4.7 தான்.

அருள்தாசன்:
தெரியும் தம்பி, அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அப்போதைய கண்காணிப்பு பெரும்பாலும் பி.எஸ்.ஏ.யை மட்டும் பார்ப்பது. எனக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுக்கிறார்கள், தேவைப்பட்டால் மறுபடி பயாப்சி.

மீனா:
அருள் ஐயா சொல்வது நல்ல மருத்துவமனையில் நல்ல கவனிப்பு கிடைத்த கதை. நாட்டிலுள்ள 50 வயது ஆண்கள் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பினால் அத்தனை எம்.ஆர்.ஐ.க்கும் இயந்திரம் எங்கே, படத்தைப் படிக்க நிபுணர் எங்கே? 2025 நவம்பரில் பிரிட்டன் தேசியப் பரிசோதனைக் குழுவும் தன் வரைவில் எல்லோருக்கும் வேண்டாம் என்றது. புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பிழை உள்ளவர்களுக்கு மட்டும் 45 முதல் 61 வயது வரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

செல்வன்:
கறுப்பின ஆண்கள்? இங்கிலாந்தில் அவர்களில் நாலில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது, வெள்ளையர்களில் எட்டில் ஒருவர், நம்மைப் போன்ற ஆசியர்களில் 13-இல் ஒருவர். நாம் பேசும் பெரிய ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அதிக ஆபத்தில் இருப்பவர்களை ஆய்வில் சேர்க்காமல் விட்டுவிட்டு, பிறகு ஆதாரம் போதவில்லை என்று அவர்களிடமே சொல்வது அநியாயம்.

மீனா:
அந்த ஒரு விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். டிரான்ஸ்ஃபார்ம் என்ற புதிய ஆய்வில், அழைக்கப்படுபவர்களில் பத்தில் ஒருவராவது கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதன் முடிவு வரட்டும். அதுவரை 50 தாண்டியவர்கள் ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) சாதக பாதகம் பேசிவிட்டு பி.எஸ்.ஏ. கேட்டு வாங்கலாம், அந்த உரிமை இப்போதே இருக்கிறது.

செல்வன்:
விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள் மேடம். டாக்ஸி ஓட்டுபவரும் கிடங்கில் இரவு வேலை பார்ப்பவரும் எலும்பு வலி வந்த பிறகுதான் போய் நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் கடிதம் கேட்கிறேன்.

அருள்தாசன்:
படித்துக்கொண்டிருக்கும் தம்பிமாருக்கு ஒன்று. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் வந்திருந்தால் 50 வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள். ரத்தம் கொடுக்கும் முன்னால், அளவு ஏறியிருந்தால் பயாப்சிக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுப்பீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது எடுக்கும் இடத்தைத் தேடிப் போங்கள்.