ஓநாய் முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் உதறுகிறது

கேள்வி:
சின்ன 2டி கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அதில் ஒரு ஓநாய். பசித்தால் ஆட்டைத் துரத்த வேண்டும், தீப்பந்தத்தைக் கண்டால் ஓட வேண்டும், களைத்தால் குகையில் போய்ப் படுக்க வேண்டும். ஸ்டேட் மெஷினில் (ஒரு நேரத்தில் ஒரே நிலை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ விதிகள்) ஆரம்பித்தேன், மூன்று நிலை இருந்தவரை அழகாக ஓடியது, இப்போது ஒன்பது ஆகிவிட்டது, எதிலிருந்து எதற்குத் தாவுகிறது என்று எனக்கே புரியவில்லை. சரி என்று எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு யூட்டிலிட்டி முறைக்கு மாறினேன்: ஒவ்வொரு செயலுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண், அதிகம் வாங்குவது ஜெயிக்கும். இப்போது புதுத் தலைவலி. தீப்பந்தம் கொஞ்சம் தள்ளி இருந்தால் ஓநாய் நின்ற இடத்திலேயே உதறுகிறது. பிஹேவியர் ட்ரீக்கு, அதாவது செயல்களை முன்னுரிமைப்படி மரம்போல அடுக்கிச் சோதிக்கும் முறைக்கு, மாறட்டுமா?

பதில் 1:
மாறினாலும் உதறும். ஓரடி முன்னே வைத்தால் பயம் கூடுகிறது, பின்னே வைத்தால் பசி ஜெயிக்கிறது, இந்தப் பஞ்சாயத்தை நீங்கள் நொடிக்கு 60 முறை கூட்டுகிறீர்கள். நொடிக்கு நாலைந்து முறை கேட்டால் போதும். அப்புறம், இப்போது செய்துகொண்டிருக்கும் செயலுக்கு மதிப்பெண்ணில் 0.1 அல்லது 0.15 கூடுதல் சலுகை கொடுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜும் இதைத்தான் செய்கிறது: கம்ப்ரெஸர் ஓடத் தொடங்கும் வெப்பநிலை வேறு, நிற்கும் வெப்பநிலை வேறு.

பதில் 2:
ஒன்பது நிலை என்றால் 72 தாவல்கள் வரை சாத்தியம், குழம்பாமல் என்ன செய்யும். 2004இல் வந்த ஹாலோ 2 என்ற கேம் பிஹேவியர் ட்ரீயைப் பிரபலமாக்கியதற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம். ஆனால் அங்கே எது முக்கியம் என்ற வரிசையை நீங்களே எழுதிவைக்க வேண்டும். பசி ஏற ஏற பயம் மங்க வேண்டும் என்றால் மதிப்பெண் முறைதான் தோது, அதை விடாதீர்கள்.

கேட்டவர்:
சலுகை 0.15 வைத்தேன், உதறல் நின்றது, நன்றி! ஆனால் இப்போது ஆட்டைத் துரத்திய வேகத்தில் நேராக நெருப்புக்குள் பாய்ந்து செத்துவிட்டது :(

பதில் 1:
ஹாஹா, பிடிவாதம் கூடிவிட்டது. உயிர் போகும் விஷயத்தை மதிப்பெண் போட்டியில் விடாதீர்கள். ரோபோ ஆராய்ச்சியாளர் ராட்னி ப்ரூக்ஸ் ரோபோக்களுக்காக 1986இல் எழுதிய அடுக்கு முறையில் எதிலும் முட்டாமல் விலகுவதுதான் அடி அடுக்கு, மேலே என்ன நடந்தாலும் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நெருப்பு இரண்டு கட்டத்துக்குள் வந்தால் சலுகை கிலுகை எதையும் பார்க்காமல் விலகு என்று தனியாக எழுதுங்கள்.

பதில் 3:
மதிப்பெண்ணை எப்படிச் சேர்க்கிறீர்கள்? பெருக்குகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள்: ஒரு செயலுக்கு ஐந்து காரணிகள் (பசி, தூரம் மாதிரி), ஒவ்வொன்றும் 0.9 என்றாலும் பெருக்கினால் 0.59தான். இரண்டே காரணி உள்ள 'தூங்கு' 0.81 வாங்கி ஜெயித்துவிடும். நான் இதில் இரண்டு நாள் தொலைத்தேன், என் காவலாளி திருடன் எதிரே நிற்கும்போது கொட்டாவி விட்டான். கடைசியில் எல்லா மதிப்பெண்ணையும் அவன் தலைக்கு மேலேயே லேபிளாக ஓடவிட்டேன், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.