சிறு ரத்தக் குழாய்க்கு எது: செல் நீக்கிய திசுவா, மின்னிழைப் பாலிமரா?

செங்குழலி:
6 மி.மீ.க்குக் குறைந்த விட்டத்தில் செயற்கைக் குழாய்ப் பொருள்களான டாக்ரானும் ஈபிடிஎஃப்இயும் நிலைக்காது என்பதில் சண்டையில்லை. ரத்தம் உறையும், இல்லையென்றால் தையல் இடத்தில் உட்சுவர் தடித்து அடைக்கும். மாற்று என்றால் என் கட்சி செல் நீக்கிய திசுதான், அதாவது செல்களைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் இயற்கைச் சட்டகம். கொலாஜனும் எலாஸ்டினும் அடுக்கடுக்காக ஏற்கெனவே அமைந்திருக்கும்போது அதைப் பாலிமரில் புதிதாகச் செய்ய ஏன் மெனக்கெட வேண்டும்?

இழையன்:
அந்த அடுக்கு கடைசிவரை அப்படியேவா இருக்கிறது? 1% எஸ்டிஎஸ்ஸில் (செல்லைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்) ஊறினால் செல்லோடு கிளைக்கோசமினோகிளைக்கன்கள் என்ற சர்க்கரைச் சங்கிலிகளும் போகும், கொலாஜன் நாரும் குலையும். தங்கிவிட்ட எஸ்டிஎஸ் பிறகு விதைக்கும் செல்லைக் கொல்லும். 2003-ல் வெளியான வியன்னா அறிக்கையை மறக்க வேண்டாம்: செல் நீக்கிய பன்றி இதய வால்வு பொருத்திய 4 சிறுவர்களில் 3 பேர் இறந்தார்கள்.

செங்குழலி:
மறக்கவில்லை. பொருத்தாத வால்வுகளிலேயே செல் முழுதாக நீங்கவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அது அரைகுறை வேலைக்கு எதிரான சாட்சி. இப்போது அளவுகோல் உண்டு: உலர் எடை ஒரு மில்லிகிராமுக்கு இரட்டை இழை டிஎன்ஏ 50 நானோகிராமுக்குக் கீழ், துண்டு நீளம் 200 பேஸ் இணைக்குக் கீழ், சாயமிட்டால் உட்கரு தெரியக்கூடாது.

பிசகுவது பெரும்பாலும் கழுவலில். எஸ்டிஎஸ்ஸைப் பொட்டாசியம் உள்ள பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கரைத்தால் வீழ்படிவாகித் திசுவுக்குள் தங்கும். குளிர் அறையில் இன்னும் மோசம். காய்ச்சி வடித்த நீரிலோ டிரிஸ் கரைசலிலோ கரையுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீர், அடுத்து 1% டிரைட்டன் எக்ஸ்-100 (இன்னொரு, மென்மையான சோப்புப் பொருள்), அதற்குப் பின்தான் பிபிஎஸ். டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதிக்கு மெக்னீசியமும் கால்சியமும் தேவை. முந்தைய படியின் ஈடிடிஏ மிஞ்சியிருந்தால் இரண்டையும் பிடித்துக்கொள்ளும், நொதி சும்மா கிடக்கும். எஸ்டிஎஸ் மிச்சத்தை மெத்திலீன் ப்ளூ சோதனையில் அளக்கலாம்.

துலாக்கோல்:
அந்த 50-ஐ ஈர எடையில் கணக்கிட்டுத் தேறியதாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஈரத் திசுவில் பெரும்பகுதி நீர், எண் சுருங்கித்தான் தெரியும். உறையவைத்து உலர்த்தி எடை போடுங்கள். புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதியின் செரிப்பு முழுமையாகாவிட்டாலும் டிஎன்ஏ குறைவாகவே காட்டும். பன்றித் திசுவென்றால் மனித உடல் எதிர்க்கும் ஆல்ஃபா-கால் சர்க்கரையைத் தனியே பாருங்கள்; டிஎன்ஏ போனால் அதுவும் போய்விட்டது என்று பொருளில்லை.

இழையன்:
இத்தனை காவல் போட்டும் விலங்குக்கு விலங்கு திசு மாறும். மின்னிழையில், அதாவது மின்னழுத்தத்தால் பாலிமர் கரைசலை நுண்ணிழையாக இழுக்கும் முறையில், பிசிஎல் பாலிமரின் செறிவு, மின்னழுத்தம், ஊசிமுனைத் தூரம், அறை ஈரப்பதம் நான்கையும் கட்டுக்குள் வைத்தால் ஒவ்வொரு முறையும் அதே குழாய் கிடைக்கும்.

செங்குழலி:
கிடைக்கும். அதற்குள் செல் நுழையுமா? 1 மைக்ரோமீட்டர் இழையில் துளை செல்லைவிடச் சிறியது. செல்கள் மேற்பரப்போடு நின்றுவிடும். எலியின் பெருந்தமனியான அயோர்ட்டாவில் 18 மாதம் இருந்த பிசிஎல் குழாயில் கால்சியம் படிந்தது, உள்ளே போன செல்களும் குறைந்தன.

இழையன்:
துளைக்கு வழி உண்டு. செறிவைக் கூட்டி இழையை 5–6 மைக்ரோமீட்டருக்குத் தடிமனாக்கினால் மேக்ரோபேஜ்கள் (நோயெதிர்ப்புச் செல்கள்) உள்ளே வரும். ரத்தம் கசியாதிருக்க உட்பக்கம் மட்டும் மெல்லிழை அடுக்கு. கால்சியம் படிவது உண்மையான சிக்கல், ஒப்புக்கொள்கிறேன். பிசிஎல் கரைய 2 ஆண்டுக்கு மேல் ஆகிறது. சீக்கிரம் கரையும் பாலிமருக்கு மாறினால் புதுத் திசு வலுப்பெறும் முன்பே சுவர் உப்பிவிடும்.

துலாக்கோல்:
எலியை வைத்து இருவருமே அதிகம் பேச வேண்டாம். அங்கே குழாய் குட்டை; இரு முனையிலிருந்தும் குழாயின் உட்புறச் செல் அடுக்கான எண்டோதீலியம் ஊர்ந்து மூடிவிடும். மனிதரில் தையலிலிருந்து 1–2 செ.மீ. தாண்டுவதே அரிது. இன்னொன்று: 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த சிம்வெஸ், பிஜிஏ என்ற கரையும் பாலிமரின் வலையில் மனிதத் தசைச் செல்களை வளர்த்துப் பிறகு செல்களை நீக்கிச் செய்த குழாய். உங்கள் இருவர் முறையும் அதில் இருக்கிறது.

இழையன்:
அதன் விட்டம் 6 மி.மீ., அனுமதி கை கால் தமனிக் காயத்துக்கு. அதற்கும் குழாய் தோல்வி பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை உண்டு. இதயத் தமனி மாற்றுவழிக்கு (பைபாஸ்) 4 மி.மீ. அல்லது அதற்கும் கீழே வேண்டும்.

செங்குழலி:
அங்கே சுவரை விட உட்பரப்புதான் முடிவு செய்யும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் பிணைத்த 4 மி.மீ. குழாய் இரண்டு, ஒன்று உங்களுடையது, ஒன்று என்னுடையது. செம்மறியின் கழுத்திலுள்ள கரோடிட் தமனியில், தையலிலிருந்து எண்டோதீலியம் எட்டாத நீளத்தில் வையுங்கள். நடுப்பகுதியை வெட்டிப் பார்த்த பிறகு பேசுவோம்.