மும்பை டு ஹைதராபாத் ரெப்ளிகேஷன்: பழைய ஃபைல் எதுவும் போகல, டேட்டாபேஸுக்கு என்ன பண்றது?

கோவை_பில்லிங்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுது லேப், ஸ்கேன் சென்டர்களுக்கான பில்லிங் சாஃப்ட்வேர், மொத்தமும் ஏடபிள்யூஎஸ் (அமேசானோட கிளவுட்) மும்பை ரீஜன்லதான், அதாவது மும்பைல இருக்கற அவங்க டேட்டா சென்டர் கூட்டத்துலதான் ஓடுது. ரிப்போர்ட் பிடிஎஃப் எல்லாம் எஸ்3ல (ஃபைல் வைக்கற சர்வீஸ்) கிட்டத்தட்ட 6 டிபி, டேட்டாபேஸ் ஆர்டிஎஸ் (அவங்களே பராமரிக்கற டேட்டாபேஸ் சர்வீஸ்) போஸ்ட்கிரெஸ் 400 ஜிபி பக்கம், மல்டி ஏஇசட் (அதே ரீஜன்ல தனி டேட்டா சென்டர்ல இன்னொரு காப்பி) இருக்கு. இப்போ வந்திருக்க பெரிய கஸ்டமர் ஒருத்தர், மும்பை ரீஜனே மொத்தமா படுத்தாலும் 4 மணி நேரத்துல திரும்ப ஓடணும், 15 நிமிஷத்துக்கு மேல டேட்டா போகக்கூடாதுன்னு அக்ரிமென்ட்லயே எழுதச் சொல்றாங்க.

ஹைதராபாத்ல ஒரு பக்கெட் (எஸ்3ல ஃபைல் போடற இடம்) போட்டு, ரெண்டு பக்கமும் வெர்ஷனிங் (பழைய பதிப்பையும் வெச்சுக்கறது) ஆன் பண்ணி, ஃபைல் தானா அங்க காப்பி ஆக ரெப்ளிகேஷன் ரூல் போட்டாச்சு. புது ஃபைல் ஜோரா போகுது, ஆனா ரூல் போடறதுக்கு முன்னாடி இருந்தது ஒண்ணு கூட அந்தப் பக்கம் இல்ல. புதுசுலயும் சிலதுக்கு ஸ்டேட்டஸ் ஃபெயில்டுன்னு வருது. டேட்டாபேஸுக்கு கிராஸ் ரீஜன் ரீட் ரெப்ளிகா (இன்னொரு ரீஜன்ல தொடர்ந்து அப்டேட் ஆகற, படிக்க மட்டும் முடியற காப்பி) போதுமா? ஹைதராபாத்தா சிங்கப்பூரா? அப்புறம் எங்க மேனேஜர், "ரெப்ளிகேஷன்தான் வந்துடுச்சே, டெய்லி பேக்கப்பை நிறுத்தினா காசு மிச்சம்தானே"ன்னு கேக்கறாரு, அவருக்கு என்ன பதில் சொல்றது?

ராத்திரி_ஷிஃப்ட்:
முதல்ல எஸ்3 விஷயம். ரூல் போட்டதுக்கு அப்புறம் வர்ற ஃபைல்தான் தானா போகும், பழசு போகாது, அதோட டிசைனே அப்படித்தான். பழசுக்கு எஸ்3 பேட்ச் ரெப்ளிகேஷன்னு தனியா ஒரு ஜாப் இருக்கு, 2022ல வந்தது, அதை ஒரு தடவை ஓட்டுங்க. ஃபெயில் ஆனதையும் அதே ஜாப்லயே சேர்த்துக்கலாம், ஆனா ஏன் ஃபெயில் ஆச்சுன்னு பாத்து சரி பண்ணிட்டு ஓட்டுங்க, இல்லன்னா மறுபடி அதேதான் வரும்.

என் சந்தேகம் கேஎம்எஸ் (என்கிரிப்ஷன் கீயை வெச்சுக்கற சர்வீஸ்) மேலதான். கேஎம்எஸ் கீ போட்டு என்கிரிப்ட் பண்ண ஃபைலும் போகணும்னா ரூல்ல அதுக்கு தனியா ஒரு டிக் இருக்கு, அந்தப் பக்கம் எந்த கீ வெச்சு பூட்டணும்னும் சொல்லணும், ஏன்னா சாதாரண கேஎம்எஸ் கீ அது உருவான ரீஜனை விட்டு வெளிய வராது. ரெப்ளிகேஷன் ரோலுக்கு (காப்பி பண்றதுக்காக எஸ்3க்கு கொடுக்கற அனுமதி) மும்பை கீல டிக்ரிப்ட், ஹைதராபாத் கீல என்கிரிப்ட், ரெண்டு பர்மிஷனும் வேணும். கீ பாலிசி டைட்டா இருந்தா அங்கயும் அந்த ரோலை சேர்க்கணும். ஃபெயில் ஆன ஃபைல்ல ரெண்டு மூணு எடுத்து எந்த கீல பூட்டியிருக்குன்னு பாருங்க, எல்லாம் ஒரே கீயா இருந்தா விஷயம் அங்கயே தெரிஞ்சிடும்.

15 நிமிஷம்னு அக்ரிமென்ட்ல போடப் போறீங்கன்னா ரெப்ளிகேஷன் டைம் கன்ட்ரோலை ஆன் பண்ணிடுங்க. எக்ஸ்ட்ரா காசுதான், ஆனா 99.9% ஆப்ஜெக்ட் 15 நிமிஷத்துக்குள்ள போகும்னு எஸ்எல்ஏ (எழுத்துல உத்தரவாதம்) கிடைக்கும். அது இல்லாமலும் பெரும்பாலும் சீக்கிரமே போயிடும், ஆனா "பெரும்பாலும்"னு அக்ரிமென்ட்ல எழுத முடியாதுல்ல.

டிபிஏ_அண்ணாச்சி:
தம்பி, உங்க மேனேஜர் கேள்விக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும். பேக்கப்பை நிறுத்தவே கூடாது. எவனோ ஒருத்தன் வேர் கிளாஸ் (WHERE, எந்த ரெக்கார்டை மட்டும் மாத்தணும்ங்கற நிபந்தனை) இல்லாம ஒரு அப்டேட் அடிச்சான்னு வைங்க, மும்பைல கெட்ட டேட்டா சில செகண்ட்ல ஹைதராபாத்லயும் கெட்டிருக்கும், ரெப்ளிகாவுக்கு நல்லது கெட்டது தெரியாது. அதுல இருந்து மீளணும்னா பாயின்ட் இன் டைம் ரெஸ்டோர் (பேக்கப்ல இருந்து குறிப்பிட்ட ஒரு நேரத்து நிலைக்கு மீட்கறது) ஒண்ணுதான் வழி, ஆட்டோமேட்டட் பேக்கப்பை 35 நாள் வரைக்கும் வெச்சுக்கலாம். அந்த பேக்கப்பையும் இன்னொரு ரீஜனுக்கு காப்பி பண்ற வசதி ஆர்டிஎஸ்லயே இருக்கு, அதையும் போடுங்க.

மேனேஜர் நம்பலன்னா கிட்லேப் (டெவலப்பர்கள் கோட் வைக்கற தளம்) கதையைச் சொல்லுங்க. 2017 ஜனவரி 31, ரெப்ளிகேஷன் தகராறை சரி பண்றதுக்காக செகண்டரி சர்வர்னு நினைச்சு பிரைமரியிலயே டேட்டா டைரக்டரியை அழிச்சிட்டாங்க. சுமார் 300 ஜிபில 4.5 ஜிபிதான் மிஞ்சுச்சு. சரி, பேக்கப் எடுக்கலாம்னு எஸ்3 பக்கெட்டைத் திறந்தா காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கற டூல் 9.2, அதனால தினமும் பேக்கப் ஃபெயில் ஆகிட்டே இருந்திருக்கு, ஃபெயில் ஆச்சுன்னு போன மெயிலும் ரிஜெக்ட் ஆகி யார் கைக்கும் வரல. ஒருத்தர் ஸ்டேஜிங்குக்காக (சோதனை சர்வர்) 6 மணி நேரம் முன்னாடி எடுத்து வெச்ச ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நகல்) காப்பாத்துச்சு, அந்த 6 மணி நேர டேட்டா போனது போனதுதான். இத்தனையும் அவங்களே பப்ளிக்கா எழுதி வெச்சிருக்காங்க, மேனேஜருக்கு அப்படியே அனுப்புங்க.

இப்போ உங்க கேள்வி. மல்டி ஏஇசட்ல காப்பி சின்க்ரனஸ் (ரெண்டு பக்கமும் எழுதின பிறகுதான் முடிஞ்சதா அர்த்தம்), கிராஸ் ரீஜன் ரீட் ரெப்ளிகா அசின்க்ரனஸ் (பின்னாடியே வந்து சேரும்), அதனால கொஞ்சம் லேக் (தாமதம்) எப்பவும் இருக்கும். சாதாரண நாள்ல 15 நிமிஷத்துக்குள்ள நிக்கறது கஷ்டமில்ல, மாசக் கடைசி பல்க் ஜாப் ஓடும்போது என்ன ஆகுதுன்னு ரெப்ளிகா லேக் கிராஃபை பாத்துட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.

இதைவிட முக்கியமா ஒண்ணு இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. கிராஸ் ரீஜன் ரெப்ளிகாவுக்காக ஆர்டிஎஸ் போஸ்ட்கிரெஸ் பிரைமரியில (மும்பைல ஓடற முதன்மை டேட்டாபேஸ்) ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ரெப்ளிகா எதுவரை வாங்கியிருக்குன்னு வைக்கற குறிப்பு) வெச்சிருக்கும். ரெப்ளிகா நின்னு போச்சுன்னா, அது வந்து வாங்கிக்கட்டும்னு வால் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதற லாக்) ஃபைலை எல்லாம் பிரைமரி அழிக்காம சேர்த்துட்டே இருக்கும், டிஸ்க் ரொம்பினா ஓடிட்டிருந்த பிரைமரியும் நின்னுடும். பேரிடருக்குன்னு வெச்சதே பேரிடர் ஆயிடும். ஓல்டெஸ்ட் ரெப்ளிகேஷன் ஸ்லாட் லேக், டிரான்ஸாக்‌ஷன் லாக்ஸ் டிஸ்க் யூசேஜ், ஃப்ரீ ஸ்டோரேஜ், இந்த மூணுக்கும் கிளவுட்வாட்ச்ல (ஏடபிள்யூஎஸ்ஸோட கண்காணிப்பு சர்வீஸ்) அலாரம் வைங்க. ரெப்ளிகா எடுக்கறதுக்கு முன்னாடியே வைங்க.

சும்மா_வேடிக்கை:
ஒரே ரீஜன்ல மல்டி ஏஇசட் இருக்கறப்போ இவ்ளோ செலவு தேவையா? ரீஜனே மொத்தமா போற சான்ஸ் எவ்ளோ சார்?

ராத்திரி_ஷிஃப்ட்:
கட்டடம் எரிஞ்சாதான் ரீஜன் போகும்னு இல்ல ப்ரோ. 2025 அக்டோபர் 20, ஏடபிள்யூஎஸ் வர்ஜினியா ரீஜன்ல டைனமோடிபியோட (அவங்க டேட்டாபேஸ் சர்வீஸ் ஒண்ணு) டிஎன்எஸ் ரெக்கார்ட் (பேரை வெச்சு சர்வர் முகவரி சொல்றது) குழம்பி, அதை நம்பி இருந்த சர்வீஸ் எல்லாம் வரிசையா விழுந்துச்சு, எத்தனை ஏஇசட் வெச்சிருந்தவனும் அன்னிக்கு உக்காந்து பாத்துட்டுதான் இருந்தான். நிஜமாவே எரிஞ்ச கதையும் இருக்கு, 2021 மார்ச்ல பிரான்ஸ் ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச்ங்கற ஹோஸ்டிங் கம்பெனியோட டேட்டா சென்டர், பேக்கப்பையும் அங்கயே வெச்சிருந்தவங்களுக்கு எதுவும் மிஞ்சல. எல்லாருக்கும் இந்தச் செலவு தேவையில்லதான், ஆனா இவருக்கு கஸ்டமரே எழுத்துல கேக்கறாங்களே.

அம்பத்தூர்_இன்ஃப்ரா:
ஹைதராபாத்தே போடுங்க. டேட்டா இந்தியாவுக்குள்ளயே இருக்கும். பேமென்ட் டேட்டா இந்தியாவுலதான் இருக்கணும்னு 2018 ஏப்ரல்ல ரிசர்வ் பேங்க் சொன்னதுல இருந்து அந்தப் பக்க கஸ்டமர் எல்லாம் சிங்கப்பூர்னாலே முகம் சுளிக்கறாங்க, மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கும் அதே கேள்வி எப்பவாவது வரும். 2022 நவம்பர்ல ஹைதராபாத் வர்ற வரைக்கும் நமக்கு வேற வழி இல்ல, இப்போ இருக்கு. (மைக்ரோசாஃப்ட் அஷ்யூர் கிளவுட் ஆளுங்களுக்கு புனேவுக்கு ஜோடி நம்ம சென்னை ரீஜன், டிசம்பர் வெள்ளத்தைப் பாத்தவனுக்கு அதைக் கேட்டா லேசா வயித்தைக் கலக்கும், அது வேற விஷயம்.)

ஆனா ஹைதராபாத் ஆப்ட் இன் ரீஜன் (நாமளே ஆன் பண்ணாதான் பயன்படுத்த முடியும்), அதுல சில வில்லங்கம் இருக்கு. எஸ்டிஎஸ்ஸோட (தற்காலிக லாகின் டோக்கன் கொடுக்கற சர்வீஸ்) குளோபல் எண்ட்பாயின்ட்ல (பொது முகவரி) வாங்கற டோக்கன், செட்டிங்கை மாத்தாத வரைக்கும் அங்க செல்லாது. பழைய ஸ்கிரிப்ட் ஏதாவது "டோக்கன் இன்வேலிட்"னு கத்துனா அதான் காரணம், ரீஜனல் எண்ட்பாயின்ட்டுக்கு மாத்திடுங்க. மும்பைல நீங்க ஓட்டற இன்ஸ்டன்ஸ் டைப் (சர்வர் வகை) அங்க இருக்கான்னு பாருங்க. கோட்டாவும் (எத்தனை சர்வர் எடுக்கலாம்ங்கற வரம்பு) புது ரீஜன்ல கம்மியாதான் இருக்கும், மும்பை விழுந்த அன்னிக்குப் போய் டிக்கெட் போட்டா உங்களுக்கு முன்னாடி ஊரே வரிசையில நிக்கும், இப்பவே கேட்டு வாங்கி வைங்க.

டேட்டா மட்டும் போனா பத்தாது. ஈசிஆர் இமேஜும் (ஆப்பை பேக் பண்ணி வைக்கற கன்டெய்னர் ஃபைல்) எஸ்3 மாதிரிதான், ரூல் போட்டதுக்கு அப்புறம் புஷ் பண்ணதுதான் போகும். சீக்ரெட்ஸ் மேனேஜர்ல (பாஸ்வேர்ட் வைக்கற சர்வீஸ்) ரெப்ளிகா போடணும், லோட் பேலன்சருக்கான சர்டிபிகேட்டை அந்த ரீஜன்ல தனியா எடுக்கணும். டிஎன்எஸ் மாத்தறதை ரூட் 53 (ஏடபிள்யூஎஸ்ஸோட டிஎன்எஸ் சர்வீஸ்) ஹெல்த் செக் ஃபெயில்ஓவர்ல (ஒரு பக்கம் விழுந்தா தானா மறுபக்கம் திருப்பறது) முன்கூட்டியே செட் பண்ணிடுங்க, ஏன்னா ரெக்கார்டை கையால மாத்தற வேலை வர்ஜினியாவை நம்பி இருக்கு, ஹெல்த் செக் வழியா தானா மாறறதுக்கு அந்தத் தொல்லை இல்ல. ஆனா டேட்டாபேஸை ப்ரமோட் பண்றதை (ரெப்ளிகாவை முதன்மை டேட்டாபேஸா மாத்தறது) ஆட்டோமேட்டிக்கா விடாதீங்க, ஒரு ஆள் முடிவு பண்ணட்டும். டிராஃபிக்கும் டேட்டாபேஸும் சேர்ந்தே மாறற மாதிரி, அந்த ஹெல்த் செக்கை அவர் கையில இருக்கற ஒரு அலாரத்தோட கட்டி வைங்க.

கோவை_பில்லிங்:
எல்லாருக்கும் நன்றி. ஃபெயில் ஆனது அத்தனையும் பழைய கேஎம்எஸ் கீ ஒண்ணுல பூட்டினது, அதோட பாலிசியில ரெப்ளிகேஷன் ரோல் இல்ல. சேர்த்துட்டு பேட்ச் ஜாப் ஓட விட்டிருக்கேன். ரெண்டு டவுட். செலவைக் குறைக்க ஹைதராபாத் பக்கெட்டை ஸ்டாண்டர்ட் ஐஏல (அடிக்கடி எடுக்காத ஃபைலுக்கான எஸ்3 வகை) வெச்சா என்ன? அப்புறம் மும்பை திரும்ப வந்ததும் ரெப்ளிகாவை பழையபடி ரெப்ளிகாவா மாத்திக்கலாமா?

டிபிஏ_அண்ணாச்சி:
ரெண்டாவதுக்கு முதல்ல. முடியாது தம்பி. ப்ரமோட் பண்ணா அது தனி டேட்டாபேஸ், திரும்ப சேராது. மும்பைல புதுசா ஒரு ரெப்ளிகா எடுத்து, அது லேக் தீர்ந்து கூட வந்ததுக்கு அப்புறம், ராத்திரி ஒரு நேரம் குறிச்சு மாத்தணும். 400 ஜிபிக்கு நேரம் பிடிக்கும், அந்த இடைவெளியில உங்களுக்கு டிஆரே (பேரிடர் மீட்பு ஏற்பாடு) கிடையாதுன்னு கஸ்டமர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. இன்னொண்ணு, ப்ரமோட் பண்ணும்போது மும்பை அரைகுறையா உயிரோட இருந்தா, சில லேப் அங்க பில் போடும், சில லேப் இங்க போடும், அப்புறம் ரெண்டையும் சேர்க்க எவனாலயும் முடியாது. மும்பை பக்கம் ஆப் கனெக்ட் ஆகறதை வெட்டிட்டு ப்ரமோட் பண்ணுங்க. ப்ரமோட் ஆன உடனே அதுல பேக்கப்பும் மல்டி ஏஇசட்டும் ஆன் ஆயிருக்கான்னு பாத்துக்குங்க.

ராத்திரி_ஷிஃப்ட்:
ஐஏ ஓகேதான், ஆனா உங்க பிடிஎஃப் சராசரி எவ்ளோ சைஸ்? 128 கேபிக்கு கீழ எவ்ளோ சின்னதா இருந்தாலும் 128ன்னுதான் கணக்கு போடுவான், 30 நாளுக்குள்ள அழிச்சாலும் 30 நாளுக்கு காசு. சின்ன ஃபைல்தான் கோடிக்கணக்குல இருக்குன்னா ஸ்டாண்டர்டே மேல். ஐஏல ஒவ்வொரு ஃபைலையும் எழுதற கட்டணமும் (PUT) அதிகம், பேட்ச் ஜாப்ல அதுவே ஒரு பில் வரும். ஜாப் ஏற்கனவே ஓடுதுன்னா முதல்ல ஸ்டோரேஜ் கிளாஸ் என்னன்னு பாருங்க.