மறு: ‘இன்வேசிவ் ஸ்பீசீஸ்’ – ‘மண்டினம்’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

வெளியிலிருந்து வந்து பரவி, உள்ளூர் உயிரினங்களை நெருக்கி அழிக்கும் இனத்தை ஆங்கிலத்தில் ‘இன்வேசிவ் ஸ்பீசீஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு, ‘ஊடுருவும் இனம்’, ‘ஆக்கிரமிப்புத் தாவரம்’, ‘அந்நியக் களை’ என இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. காரணத்தை, அத்தகைய இனங்களுள் ஒன்றான உண்ணிச்செடியை (லன்டானா) கொண்டே சொல்கிறேன்.

நீலகிரியில் கூடலூரிலிருந்து தெப்பக்காடு செல்லும் சாலையோரத்தில் அதன் பூங்கொத்தை நின்று பார்த்தால், நடுவில் புதிதாக விரிந்தவை மஞ்சளாகவும், விளிம்பில் முதிர்ந்தவை இளஞ்சிவப்பாகவும் இருக்கும். இந்த அழகுக்காகத்தான் அமெரிக்க வெப்பமண்டலச் செடியான இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் அதன் கருநீலப் பழத்தைத் தின்று எச்சத்தின்வழி விதையைக் காடெங்கும் பரப்பின; வெட்டினாலும் அடிக்கட்டை துளிர்க்கிறது; தழையைத் தின்ற மாட்டுக்கு வெயில் பட்டால் தோல் புண்ணாகிறது; புதரின் அடியில் புல் முளைக்காததால் மானுக்கு மேய்ச்சல் குறைகிறது.

வரவேற்று நட்ட செடியை ‘ஊடுருவியது’ என்பது பொருந்தவில்லை. ‘ஆக்கிரமிப்பு’ ஏற்கெனவே புறம்போக்கு நிலத்துக்கு உரிய சொல்லாகிவிட்டது. ‘வனத்தில் ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்ற தலைப்பைப் படிப்பவர் வீடுகளை இடித்தார்கள் என்றே எண்ணுவார். ‘அந்நியம்’ பிறப்பிடத்தை மட்டுமே சுட்டும். மிளகாயும் பப்பாளியும் அதே அமெரிக்காவிலிருந்து வந்தவைதாம், அவற்றைக் காட்டுக்குக் கேடு என்று யாரும் சொல்வதில்லை. (பிறப்பிடத்தைக் குறிக்க ‘சீமை’ என்ற அடைமொழியை ஊர் மக்கள் என்றோ தந்துவிட்டார்கள், சீமைக்கருவேலமே சான்று.)

ஆகவே மூன்று நிலைகளுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். வெளியிலிருந்து வந்தது ‘அயலினம்’. வந்து, தானாகவே முளைத்து நிலைபெற்றது ‘ஊன்றினம்’. மடகாஸ்கரிலிருந்து வந்து நம் வழியோரங்களில் பூக்கும் நித்தியகல்யாணி இவ்வகை. பரவிப் பிறவற்றை நெருக்கி அழிப்பது ‘மண்டினம்’. ‘புதர் மண்டிக் கிடக்கிறது’ என்று நாள்தோறும் சொல்கிறோம். அந்த வினையில் அடர்த்தியும் உண்டு, வேண்டாதது பெருகிவிட்டது என்ற சலிப்பும் உண்டு. மேலும் இது வினைத்தொகை என்பதால், மண்டிய இனம், மண்டுகின்ற இனம், மண்டப்போகும் இனம் மூன்றையும் அடக்கும். இன்னும் பரவாத செடியைப் பற்றி எச்சரிக்கும் அறிக்கைகளுக்கு இது மிகவும் தேவை. ‘மண்டுதிறன்’, ‘மண்டுகை’ எனக் கிளைச்சொற்களும் எளிதில் கிடைக்கின்றன.

ஒரு சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: “கொத்து தொங்கும் சரக்கொன்றை நம் மண்ணின் மரம்; கிளை நுனியில் கொத்து நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் கொன்றை, முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை நெருக்கும் மண்டினம்.” எனக்கு உறுத்தவில்லை.

இரண்டு தடைகளை நானே சொல்லிவிடுகிறேன். பேச்சுவழக்கில் ‘மண்டு’ என்றால் அறிவிலி. வகுப்பில் முதல் நாள் சிரிப்பு எழத்தான் செய்யும். ‘மண்டினம்’ என்பதைப் பழைய இலக்கணப்படி ‘நாம் மண்டினோம்’ என்றும் படிக்கலாம்; செடியை நட்டவர்களை நினைத்தால் அதுவும் முழுப் பிழையன்று. முதல் தடையைப் பெரிதாக நினைப்பவர்கள் ‘அடரினம்’ என்பதைக் கருதலாம். ‘அடர்த்தல்’ என்பதற்கு நெருக்குதல், தாக்குதல் என்ற பொருள்கள் பழந்தமிழில் உள்ளன. ஆனால் இன்றைய காதுக்கு அடர்த்தி மட்டுமே கேட்கிறது. நான் மண்டினத்துக்கே வாக்களிக்கிறேன். ‘ஊன்றினம்’ குறித்து மட்டும் எனக்கே ஐயம் உள்ளது. அதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.