புள்ளி வைத்த பெருக்கலுக்கு என்ன பெயர்? ஆக்டேவ் தமிழ்க் கையேட்டுக்கான சொற்கள்

அனைவருக்கும் வணக்கம். ஆக்டேவ் என்ற கணக்கீட்டு நிரல்மொழியின் தமிழ்க் கையேட்டுச் சொற்களைப் பற்றி இப்படி ஒரு கேள்வி வந்தது:

> மேட்ரிக்ஸ் ஆபரேஷன் = அணிச் செயல்; அர்ரே ஆபரேஷன் = அணிச் செயல்பாடு. இப்படிப் பிரித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். செயலுக்கும் செயல்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த வாசகரும் நினைவில் வைத்திருக்க மாட்டார். சிக்கல் 'அணி'யில் இருக்கிறது. நம் கணிதப் பாடநூலில் மேட்ரிக்ஸ்தான் அணி. கணினி அறிவியல் பாடநூலில் அர்ரேயும் அணி. மற்ற நிரல்மொழிக் கையேடுகளில் இதைச் சமாளித்துவிடலாம். ஆக்டேவில் முடியாது, அங்கே ஒவ்வொரு வரியிலும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் தட்டச்சிட வேண்டும்.

கட்டளை வரியில் இதை இட்டுப் பாருங்கள்:

[1 2; 3 4] * [5 6; 7 8]

விடை, முதல் நிரை (கிடைவரிசை) 19 22, இரண்டாம் நிரை 43 50. நிரையை நிரலோடு (செங்குத்து வரிசையோடு) பெருக்கிக் கூட்டும் பள்ளிக்கூடப் பெருக்கல் இது. ஒரே ஒரு புள்ளி சேருங்கள்:

[1 2; 3 4] .* [5 6; 7 8]

இப்போது 5 12, அடுத்து 21 32. அந்தந்த இடத்து எண்கள் மட்டும் பெருக்கப்பட்டன. இரண்டையும் 'அணிப் பெருக்கல்' என்று எழுதினால் கையேடு படித்தவர் புள்ளியை விட்டுவிடுவார். ஆக்டேவும் ஒன்றும் சொல்லாது, இரண்டும் 2×2 ஆயிற்றே.

வகுத்தலில் இது இன்னும் மோசம். 1, 2, 4 ஆகியவற்றின் தலைகீழிகள் வேண்டும் என்று 1 / [1 2 4] என இட்டால் பரிமாணம் பொருந்தவில்லை என்று பிழை வரும், அது நல்லது. அதே எண்களை நிரலாக, 1 / [1; 2; 4] என்று இட்டால் பிழையே வராது. 0.047619 0.095238 0.190476 என்று ஒரு நிரை வந்து நிற்கும். புள்ளியில்லாத சாய்கோடு வகுப்பதில்லை, சமன்பாட்டைத் தீர்க்கிறது. இங்கே தீர்வுகள் எண்ணற்றவை. அவற்றில் மிகச் சிறிய நீளமுள்ளதை ஆக்டேவ் தருகிறது, அதாவது ஒவ்வோர் எண்ணையும் 21ஆல் (1+4+16) வகுத்தது. கேட்டவருக்கு வேண்டியது 1, 0.5, 0.25. அதற்கு 1 ./ [1; 2; 4].

ஆகவே அர்ரே என்ற சொல்லையே மொழிபெயர்க்காமல், நடப்பதைச் சொல்லுவோம்: உறுப்புவாரி. உறுப்புவாரிப் பெருக்கல், உறுப்புவாரி வகுத்தல், உறுப்புவாரி அடுக்கு. மாவட்டவாரி, பொருள்வாரி என்று நாளும் புழங்கும் அமைப்பு என்பதால் விளக்கம் தேவைப்படாது. புள்ளியில்லாதது வெறும் 'அணிப் பெருக்கல்'.

'ஹடமார்ட் பெருக்கல்' என்ற யோசனையும் வந்தது. கணிதத்தில் சரியான பெயர்தான். ஆனால் அது .* ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும்; ./ என்பதற்கும் .^ என்பதற்கும் மறுபடி சொல் தேட வேண்டும்.

---

வணக்கம். உறுப்புவாரி எனக்கு உடன்பாடு. '-வாரி' தமிழ் ஒட்டு அல்ல என்று எதிர்ப்பு வரலாம், அதனால் மாற்றுகளையும் பார்த்துவிட்டேன்.

'ஒத்த உறுப்புப் பெருக்கல்': பாடநூலில் அணிக் கூட்டலுக்கே 'ஒத்த உறுப்புகளைக் கூட்டுக' என்றுதான் இருக்கிறது, அதனால் கவர்ச்சியானது. ஆனால் [1 2; 3 4] .^ 2 என்பதில் ஒத்த உறுப்பு எது? இருப்பது ஓர் அணிதான். விடை 1 4, 9 16. (புள்ளி இல்லாவிட்டால் 7 10, 15 22.) 'உறுப்புதோறும்' தூய தமிழ், ஆனால் பெயரோடு ஒட்டாது. 'உறுப்புதோறும் பெருக்கல்' என்றால் ஒவ்வோர் உறுப்பையும் 3ஆல் பெருக்குவது போலவும் ஒலிக்கிறது. எனவே உறுப்புவாரியே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. புள்ளி என்றாலே உறுப்புவாரி என்று சொற்பட்டியலில் எழுதிவிடாதீர்கள். .' என்பது நிரைநிரல் மாற்று மட்டும் செய்யும். புள்ளியில்லாத ' கலப்பெண்களின் கற்பனைப் பகுதிக் குறியையும் சேர்த்து மாற்றும். மெய்யெண் அணியில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் இந்தத் தவறு நெடுநாள் ஒளிந்திருக்கும். முதலாவதை 'நிரைநிரல் மாற்று' என்றும் இரண்டாவதை 'இணைய நிரைநிரல் மாற்று' என்றும் வைக்கலாம்.

இலங்கை வாசகர்களுக்கு மேட்ரிக்ஸ் 'தாயம்'. கணிதவியலாளர் சில்வெஸ்டர் 1850இல் எடுத்தாண்ட இலத்தீன் சொல்லுக்குக் கருப்பை என்று பொருள். தாயம் அந்த வேருக்கு அருகில் நிற்கிறது. அர்ரேயோடு மோதவும் மோதாது. கையேட்டின் முதல் பக்கத்தில் 'அணி (தாயம்)' என்று ஒருமுறையாவது வர வேண்டும்.

---

இரண்டையும் ஏற்கிறேன். 'இணைய' என்பதை மட்டும் 'இணையிய' என்று மாற்றுகிறேன். கணினிக் கையேட்டில் 'இணைய' என்றால் எல்லோருக்கும் இன்டர்நெட்தான் தோன்றும். மிஞ்சியது பிராட்காஸ்டிங். 'ஒலிபரப்பு', 'அலைபரப்பு' இரண்டும் வானொலி நிலையத்துக்குப் போய்விடும். நடப்பது இதுதான்:

[1 2 3] + [10; 20]

நிரை கீழ்நோக்கி இருமுறை படியெடுக்கப்படுகிறது, நிரல் பக்கவாட்டில் மும்முறை. பிறகு உறுப்புவாரிக் கூட்டல். விடை 11 12 13, 21 22 23. ஒவ்வொரு பரிமாணமும் சமமாக இருக்க வேண்டும், அல்லது ஒன்றில் 1 ஆக இருக்க வேண்டும். 'நீட்டிப் பொருத்தல்' என்கிறேன். பெயரிலேயே ஆபத்தும் தெரிகிறது: மூன்று எண் கொண்ட நிரையோடு மூன்று எண் கொண்ட நிரலைக் கூட்டினால் மூன்று எண் வராது, ஒன்பது வரும், எச்சரிக்கை இல்லாமல்.

எடுத்துக்காட்டுகளைப் படியெடுப்பவர்கள் இடைவெளியையும் அப்படியே வையுங்கள். [1 -2] என்பது இரண்டு உறுப்பு. [1 - 2] என்பது ஒரே உறுப்பு, -1. மெய்ப்புப் பார்ப்பவர் அழகுக்காக ஓர் இடைவெளி சேர்த்தால் அணியின் வரிசையே மாறிவிடும்.