தெற்கு சூடான் ஒலிம்பிக்கில் முதலில் ஆடியது எப்போது?

கேள்வி: 2011 ஜூலையிலேயே தெற்கு சூடான் சுதந்திரம் அடைந்துவிட்டது. அப்புறம் ஏன் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அந்த நாட்டு அணி இல்லை? ஒரு மாரத்தான் வீரர் மட்டும் ஓடினார் என்கிறார்களே?

பதில் 1: அவர் குவோர் மேரியல். நாடு பிறந்தால் மட்டும் போதாது, தேசிய ஒலிம்பிக் கமிட்டி வேண்டும், அதற்குக் குறைந்தது 5 விளையாட்டுகளுக்காவது சர்வதேச அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் இருக்க வேண்டும். ஒரே வருடத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமா? சூடான் சார்பில் ஓடலாம் என்றார்கள், பிரிவதற்கு முன் சூடானில் நடந்த உள்நாட்டுப் போரில் உறவினர்களை இழந்தவர், மறுத்துவிட்டார். கடைசியில் ஒலிம்பிக் கொடியின் கீழ் ஓடி 47வதாக வந்தார். எனக்கு அது பதக்கத்துக்குக் குறைந்ததில்லை.

பதில் 2: முறையான அறிமுகம் 2016 ரியோவில்தான். 2015 ஆகஸ்டில் அங்கீகாரம் கிடைத்தது. மூன்றே பேர், எல்லோரும் தடகளம், கொடி பிடித்துப் போனவர் அதே மேரியல். ரியோவில் முதன்முறையாக வந்த அகதிகள் அணியின் 10 பேரில் 5 பேர் தெற்கு சூடானில் பிறந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், மனசு கனக்கிறது.

பதில் 3: 2024 பாரிஸை விட்டுவிட்டீர்களே! கூடைப்பந்தில் முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவை 90-79 என்று ஜெயித்தார்கள். ஆட்டத்துக்கு முன் தவறுதலாக சூடான் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள், பிரிந்து 13 வருடம் ஆன பிறகும். வீரர்கள் நெஞ்சில் கை வைத்து நிற்க, அரங்கமே கைதட்டியது, அப்புறம்தான் சரியான கீதம் ஒலித்தது.