தலைவர்ட கடையிலேயே சங்கத்துக்குச் சீமெந்து வாங்கலாமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி): எங்கட கிராம அபிவிருத்திச் சங்கத்துப் புதுத் தலைவர் ஹார்ட்வெயார் முதலாளி. முன்பள்ளி மதிலுக்கு 40 மூடை சீமெந்து வேணும். அவரிட்ட விலையும் குறைவுதான். வாங்கினா பிழையா?

பதில் 1: வாங்கலாம், முறையா வாங்கணும். மூன்று கடையில கொட்டேசன் (விலையை எழுத்தில) எடுங்க. எடுக்கிறது பொருளாளர், தலைவர் இல்லை. கொட்டேசனைப் பிரிக்கிற நேரம் தலைவர் எழும்பி வெளியில போகணும். போனதைக் கூட்டறிக்கையில எழுதுங்க. அந்த ஒரு வரி இல்லாமத்தான் மறுகா கரைச்சல் வாறது.

பதில் 2: மூன்று கொட்டேசனும் ஒரே கையெழுத்தில இருந்தா அது கொட்டேசனே இல்லை! ஏத்துக்கூலி சேர்த்த விலையா எண்டும் பாருங்க. குறைவான விலை அதிலதான் கூடிப்போகும். வங்கியில மூவரில் இருவர் கையொப்பம் எண்டு இருந்தா, இந்தக் காசோலைக்குச் செயலாளரும் பொருளாளரும் வைக்கட்டும். மாரி நேரம் 40ஐயும் ஒரேயடியா இறக்காதீங்க, ஈரம் பட்டா கட்டியாகிடும். 20, 20 ஆ எடுங்க, பலகைக்கு மேல அடுக்குங்க, சுவரில முட்ட வேணாம்.

கேட்டவர்: 5 மூடை அன்பளிப்பாத் தாறன் எண்டும் சொல்றாரே?

பதில் 1: கடையைத் தெரிவு செஞ்ச பிறகு வாங்குங்க. பில்லில கழிக்காம, அன்பளிப்புக்கு வேற பற்றுச்சீட்டு எழுதுங்க. முன்னமே வாங்கினா மற்றக் கடைக்காரர் "முடிவெடுத்திட்டுத்தானே கேக்கிறீங்க" எண்டு கொட்டேசனே தரமாட்டார்.